‘ஈ’ என்னாது ‘தா’ என்றோர்
கிள்ளான் கோரிக்கைப் பட்டியல் (1941): ஒரு திறனாய்வு

இலக்கியம் என்று பெயர் பெறாத எழுத்துகளும் திறனாய்வுக்கு உரியனவே. கல்வெட்டையும் செப்பேட்டையும் சொல் சொல்லாக ஆராயும் வழக்கம் தமிழ்ப் புலவரிடையே வேரூன்றிவிட்டது. கோயிலுக்கு நிலம் விட்ட அரசனின் ஆணையில் மொழியின் வளமும் காலத்தின் மனமும் புலப்படும் என்றால், தமக்கு வேண்டுவன இவை என்று உழைப்பாளர் வகுத்துக் கொடுத்த பட்டியலிலும் அவை புலப்படவே செய்யும். அவ்வாறு ஆராயத்தக்க எழுத்துகளுள் ஒன்று, 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைப் பட்டியல்.

அப்பட்டியலை வரலாற்று நூல்கள் பன்முறை எடுத்துக்காட்டியுள்ளன. எனினும் அதனை ஒரு சான்றாகக் காட்டிவிட்டு அப்பால் செல்வோரே மிகுதி. அதன் சொற்களில் நின்று, யார் யாரை நோக்கி எத்தகைய குரலில் பேசுகின்றனர் என்று கேட்போர் சிலரே. அக்கேள்விக்கு விடை தேடினால், கூலிப் பிணக்காகத் தொடங்கிய ஒன்று பத்தே வாரங்களில் நாட்டுக் கலகமாக மாறியதன் காரணமும் ஓரளவு விளங்கும்.

நிகழ்ச்சியின் சுருக்கம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் மலாயாவின் இரப்பருக்கும் ஈயத்துக்கும் தேவை பெருகிற்று. பிரிட்டனின் போர்ச் செலவுக்கு வேண்டிய டாலரை ஈட்டித் தந்த பொருள்கள் அவை. தோட்டங்களின் ஆதாயம் உயர்ந்தது. அரிசி முதலிய பண்டங்களின் விலையும் உயர்ந்தது. தொழிலாளர் ஊதியம் மட்டும் அதற்கு ஈடாக ஏறவில்லை. அதற்கு முன்பே, 1938 ஜூன் மாதத்தில், ஊதியக் குறைப்புப் பற்றிய பிணக்கின் விளைவாக இந்திய அரசு உதவிபெற்று வரும் குடியேற்றத்தைத் தடை செய்திருந்தது. எனவே புதிய ஆள் வரத்து நின்றது. இருக்கும் ஆளின் உழைப்புக்கு மதிப்பு மிகுந்தது. தோட்டத்துத் தமிழன் தன் உழைப்பின் விலையை உணரத் தொடங்கிய காலம் அது.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அக்காலத்தில் முன்வந்தது. அதன் முன்னணியில் நின்றோருள் ஆர். எச். நாதன், வை. கே. மேனன் இருவரும் குறிக்கத்தக்கவர். நாதன் கோலாலம்பூரில் 1924 முதல் வெளிவந்த ‘தமிழ் நேச’னில் பணியாற்றிய இதழாளர். 1941 மார்ச்சில் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஏப்பிரலில் சிறிது ஊதிய உயர்வோடு அது தணிந்தது. ஆனால் ஊதியம் அல்லாத பிற குறைகள் தீரவில்லை. வேலைநிறுத்தம் மீண்டும் எழுந்தது. மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் கிள்ளானை நோக்கித் திரண்டனர். சிலாங்கூர் முழுதும் கிளர்ச்சி பரவிற்று. மே 16இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியர் படையெடுத்தனர். 1942 சனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அடுத்து வந்த சயாம் மரண ரயிலின் கொடுமை, கிள்ளான் நிகழ்ச்சியின் நினைவைப் பெரிதும் மூடிவிட்டது.

பட்டியலில் அமைந்தவை

கோரிக்கைகள் பன்னிரண்டு எனப் பொதுவாக எண்ணப்படும். அவற்றின் பொருளைத் தொகுத்துரைத்தால் இவ்வாறு அமையும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம் வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை நாள் ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் மேற்பார்வையாளரை நீக்கித் தமிழ் பேசும் அலுவலரை அமர்த்த வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். தக்க மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து செல்ல வேண்டும். துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பேச்சுரிமையும் கூட்ட உரிமையும் வேண்டும். குறையை எடுத்துச் சொன்னவரைப் பழிவாங்குதல் கூடாது. தம் நலம் காக்கச் சங்கம் அமைத்துக்கொள்ள இசைவு வேண்டும்.

இவற்றைப் படிப்போர்க்கு முதற்கண் தோன்றுவது, பணத்தைப் பற்றியது மிகக் குறைவு என்பதே. பன்னிரண்டில் ஒன்றுதான் நேரே ஊதியத்தைப் பற்றியது. அதுவும் ‘இத்தனை காசு கூட்டுக’ என்று கேட்கவில்லை. ‘அவனுக்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும்’ என்று கேட்டது. அளவைக் கேட்பது ஒன்று. சமத்தைக் கேட்பது வேறொன்று. ஐந்து காசு கூட்டிக் கொடுத்தால் அளவுக் கேள்வி அடங்கும். சமத்துவக் கேள்வி அடங்காது. ஏப்பிரலில் கிடைத்த சிறு உயர்வு அமைதியை நிலைநாட்டாமற் போனதற்கு இதுவே காரணம் எனலாம்.

ஈ, தா, கொடு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் மூன்று சொற்களுக்கு ஒரு வரையறை உண்டு. ஒன்றைக் கேட்கும்போது ‘ஈ’ என்பது கேட்கப்படுவோனினும் தாழ்ந்தவன் சொல்லும் சொல். ‘தா’ என்பது ஒத்தவன் சொல்லும் சொல். ‘கொடு’ என்பது உயர்ந்தவன் சொல்லும் சொல். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பில் நடத்தியிருக்கக்கூடிய இலக்கணம் இது. வழக்கொழிந்த பழஞ்செய்தி என்று மாணவர் இதனை மறந்துவிடுவதும் இயல்பு. ஆனால் கேட்கப்படும் பொருளைவிடக் கேட்கும் நிலையே முதன்மையானது என்னும் உண்மையை இவ்வரையறைபோல் விளக்குவது வேறில்லை. பொருள் ஒன்றேயாயினும் ‘ஈ’ என்று கேட்டால் அது இரத்தல். ‘தா’ என்று கேட்டால் அது உரிமை.

மலாயா இந்தியர் சார்பில் 1941க்கு முன் எழுந்த முறையீடுகளை இவ்வளவையால் அளந்து பார்க்கலாம். தோட்டத்துத் தொழிலாளி பெரட்டுக் களத்தில் தனியே நின்று துரையிடம் சொல்லிய குறை ‘ஈ’ என்னும் வகையைச் சேர்ந்தது. 1936இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியச் சங்கம் முதலிய அமைப்புகளின் மகஜர்களோ ஆங்கிலம் கற்றோரால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் புள்ளிவிவரம் உண்டு, நாகரிகம் உண்டு, பிறருக்காகப் பரிந்து பேசும் நல்லெண்ணமும் உண்டு. ஆனால் குறையுடையவன் அங்கே எழுவாயாக நிற்பதில்லை, செயப்படுபொருளாகவே நிற்கிறான். இரயில்வே ஊழியரும் எழுத்தர்களும் வாழ்ந்த பிரிக்பீல்ட்சுக்கும் கிள்ளானுக்கும் இடையே ஏறத்தாழ 20 மைல் தொலைவுதான். மொழிநடையில் அவ்விரண்டுக்கும் இடையே இருந்த தொலைவு அதனினும் பெரிது.

சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கையும் இங்கு நினைக்கத்தக்கது. இந்திய அரசின் சார்பில் அவர் 1936ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்து ஆராய்ந்து, 1937இல் அறிக்கை அளித்தார். கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறையை நிறுத்த வேண்டும் என்றது அவ்வறிக்கையின் நற்பகுதி. எனினும் அதில் கண்ட நிறைவு, மலாயா இந்தியர் பலரிடம் காணப்படவில்லை. சாஸ்திரியார் நோக்கியது ஊதியம், உறைவிடம், மருத்துவம் ஆகிய அளக்கக்கூடிய பொருள்களை. மிதிவண்டியை விட்டு இறங்கும் இழிவை அளக்க எந்தக் கோலும் அவர் கையில் இல்லை. நான்கே ஆண்டுகளில் கிள்ளான் தொழிலாளர் அக்கோலைத் தாமே உண்டாக்கித் தந்தனர். அவர்களின் பட்டியல் ‘தா’ என்று பேசிற்று.

மிதிவண்டிக் கோரிக்கை

பன்னிரண்டனுள் மிகச் சிறியது போலத் தோன்றுவது மிதிவண்டி பற்றியது. சில எழுத்தாளர் இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லிப் போகின்றனர். நுணுகி நோக்கினால் பட்டியல் முழுமைக்கும் திறவுகோல் இதுவே என்பது புலனாகும்.

மிதிவண்டி தொழிலாளி தன் சேமிப்பால் வாங்கிய பொருள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பால்வாளியும் கத்தியும் தோட்டத்தின் வேலைக்கு உரியன. அவன் நடக்கும் வழியும் தோட்டத்தின் வழி. வண்டி ஒன்றே அவனுடையது. அதன்மேல் அமர்ந்து செல்லும்போது அவன் துரையின் கண்ணுக்கு நேராகவோ சற்று உயர்ந்தோ தோன்றுகிறான். அதனால்தான் இறங்கச் சொன்னார்கள்.

இவ்வழக்கம் தோட்டத்தில் புதிதாகப் பிறந்ததும் அன்று. தோட்டத்துக்கு வந்தோருள் பலர், ஊரில் சில தெருக்களில் செருப்பணிந்து நடக்கவும் குடை பிடிக்கவும் இசைவு பெறாத குடிகளைச் சேர்ந்தவர். கடல் கடந்தால் அது கழியும் என்று எண்ணி வந்தவர்க்குத் தோட்டத்திலும் அதே வழக்கம் வேறு உடையில் காத்திருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்ததும், சுயமரியாதைக் கருத்துகள் இதழ்கள் வழியே தோட்டங்களை அடைந்ததும், 1937இல் நேரு வருகை தந்ததும் இவ்வுணர்ச்சிக்கு உரமிட்டன. எனினும் வெளியிலிருந்து வந்த எந்தப் பேச்சாளரும் மிதிவண்டிக் கோரிக்கையைக் கற்பித்திருக்க இயலாது. நாள்தோறும் இறங்கிக் கால் தேய்ந்தவன் மட்டுமே அதனைச் சொல்ல முடியும்.

கள்ளும் கல்வியும்

கள்ளுக்கடைக் கோரிக்கையும் இத்தகையதே. தோட்டத் தமிழனைப் பற்றி எழுதியோர் பலரும் அவனுக்குச் சூட்டிய பெயர் குடிகாரன் என்பது. பெற்ற கூலியைக் குடித்தே அழிப்பவனுக்குக் கூலியை உயர்த்துவதால் பயன் என்ன என்னும் வாதமும் எழுந்ததுண்டு. கள்ளுக்கடை தோட்டத்திலேயே இருந்தது என்பதை அவ்வாதம் மறைத்தது. கடையை மூடுக என்று தொழிலாளரே கேட்டபோது, அவர்மேல் சுமத்திய குற்றத்தைச் சுமத்தினோர்மேலேயே திருப்பிவிட்டனர். 1946, 47 ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படை நடத்திய கள் எதிர்ப்பு இயக்கம், கிள்ளான் கோரிக்கை ஒரு நாள் வேகம் அன்று என்பதை மெய்ப்பித்தது.

கல்விக் கோரிக்கை ஆசிரியர் கவனத்துக்கு உரியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. சட்டத்தின்படி பள்ளிகள் எழுந்தன. பல இடங்களில் எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே பள்ளி எனப் பெயர் பெற்றது. இவ்வாறு சட்டம் இருக்கவும் கல்வி வேண்டும் என்று கேட்கின்றனர் எனில், பெயரளவுப் பள்ளிக்கும் கல்விக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தறியாப் பெற்றோர் அறிந்திருந்தனர் என்பது பொருள். இன்று மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடைபெறுகின்றன. அவற்றின் வரலாற்றை எழுதுவோர் அரசுச் சட்டங்களையும் கொடையாளர் பெயர்களையும் குறிப்பிடுவதோடு, வேலைநிறுத்தம் செய்து பள்ளி கேட்ட பால்வெட்டுத் தொழிலாளரையும் அவ்வரிசையில் சேர்த்தல் முறை.

பட்டியலின் குறைகள்

ஓர் எழுத்தைப் போற்றுவதோடு திறனாய்வு முடிந்துவிடாது. இப்பட்டியலிலும் குறைகள் உண்டு.

முதலாவது, தமிழ் பேசும் அலுவலர் வேண்டும் என்ற கோரிக்கை. தோட்டங்களின் கிராணிமாருள் மலையாளிகள் மிகுதி. ஆகவே இது பிற மொழியாளர் மேல் கொண்ட பகை என்று சிலர் கொள்வர். வெள்ளையரைப் போல நடந்துகொண்ட கறுத்த அலுவலரைக் கடிந்துரைக்கும் கடுஞ்சொல்லும் பட்டியலில் இடம்பெற்றதுண்டு. கோரிக்கையின் நயத்தை அக்கடுஞ்சொல் குறைத்துவிட்டது. தொழிலாளரின் இயற்கைத் துணைவராயிருந்திருக்க வேண்டிய கிராணிமாரை எதிர்ப்பக்கம் தள்ளவும் செய்தது. எனினும் இதனை மொழிப்பகை என்பது பொருந்தாது. சங்கத்தின் முன்னணியில் நின்ற மேனனே மலையாளி. தொழிலாளர் கேட்டது தம் பேச்சு விளங்கும் ஒருவரை. விளங்கிய பின் அடிக்காத ஒருவரை.

இரண்டாவது, பெண்களைப் பற்றியது. அவர்களின் மானம் காக்கப்பட வேண்டும் என்றது பட்டியல். அது வேண்டற்பாலதே. ஆனால் அதே தோட்டத்தில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்பது நெடுங்காலம் நிலையான அளவாக வழங்கிற்று. தமிழனுக்கும் சீனனுக்கும் சமம் கேட்ட பட்டியல், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் கேட்கவில்லை. வைகறையில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஆணோடு ஒத்து மரம் வெட்டியவள், இப்பட்டியலில் காக்கப்பட வேண்டியவளாகத் தோன்றுகிறாள், கேட்பவளாகத் தோன்றவில்லை. ‘தா’ என்ற குரல் அவளிடம் வரும்போது தயங்கிவிட்டது.

மூன்றாவது, இன்று ஆய்வு நூல்களில் காணக் கிடைப்பது பட்டியலின் ஆங்கில வடிவமே. பேச்சு மொழியில் எழுந்தது அரசாங்கக் கோப்பின் மொழியாகி, அங்கிருந்து மீண்டும் தமிழாகிறது. இது பட்டியலை வகுத்தோரின் குறையன்று. ஆனால் படிப்போர் நினைவில் கொள்ள வேண்டிய குறை.

இரு சாராரின் ஒரே பிழை

கிள்ளான் நிகழ்ச்சி பற்றிய எழுத்துகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, அன்றைய ஆட்சியாளர் கூற்று. அமைதியாக உழைத்துக்கொண்டிருந்த மக்களை இந்திய அரசியல் கற்ற சிலர் தூண்டிவிட்டனர் என்பது அதன் சாரம். மற்றொன்று, பிற்காலத்துப் புகழுரை. உறங்கிக் கிடந்த மக்களை நாதன் என்னும் மாவீரர் தட்டி எழுப்பினார் என்பது அதன் சாரம். முதலாவது நாதனைப் பழிக்கிறது. இரண்டாவது நாதனைப் போற்றுகிறது. தொழிலாளரைப் பற்றி இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: அவர்களுக்குத் தாமாக ஒன்றும் தோன்றாது என்று!

பட்டியல் இதனை மறுக்கிறது. பேச்சுரிமை, கூட்ட உரிமை, சங்க உரிமை என்னும் மூன்றும் இதழ் படித்தவர், சட்டம் அறிந்தவர் குரல். மலாய் ஐக்கிய நாடுகளில் தொழிற்சங்கச் சட்டம் 1940இலேயே இயற்றப்பட்டுவிட்டது; அதைத் தோட்டத்துக்குள் நுழையவிடவில்லை என்பதை அறிந்தவர்தாம் அக்கோரிக்கையை எழுத முடியும். மிதிவண்டி, உறவினர் வருகை, கள்ளுக்கடை, பழிவாங்காமை என்னும் நான்கும் லயத்திலிருந்து எழுந்த குரல். இரு குரலும் ஓர் எழுத்தில் கூடியதே இப்பட்டியலின் சிறப்பு. நாதனின் பெருமை, தம் குரலை மக்கள்மேல் ஏற்றியதில் இல்லை. மக்கள் குரலுக்குப் பட்டியலில் இடம் விட்டதில் உண்டு.

ஆய்வாளர் இதனை வெவ்வேறு கோணங்களில் நோக்கியுள்ளனர். எச். இ. வில்சன் 1981இல் இந்நிகழ்ச்சி பற்றியே தனி நூல் எழுதினார். உழைப்பும் முதலும் என்பது அதன் துணைத் தலைப்பில் அமைந்த இணை. மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பில் வர்க்கம், இனம், குடியேற்ற ஆட்சி என்ற மூன்றையும் சேர்த்து வைத்தார். இச்சொற்கள் யாவும் வேண்டியவையே. எனினும் மிதிவண்டியை விட்டு இறங்கியவனின் நெஞ்சம் இவற்றுள் எதனிலும் முழுதும் அடங்குவதில்லை. அவ்விடைவெளியை நிரப்புவதே இலக்கியத் திறனாய்வின் பங்கு.

பிணக்கு கலகமான முறை

தொழிற்பிணக்கு எங்கே கலகமாக மாறுகிறது? தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சில நாளில் அவர்கள் கோரிக்கை பெரிதும் ஈடேறி வேலைக்குத் திரும்பினர். மார்ச்சு 12இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. கடலுக்கு அப்பால் டிரினிடாடுத் தீவில் 1937 ஜூனில் எண்ணெய் வயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும், அவர் தலைவர் பட்லரைக் கைது செய்ய முனைந்த அன்றே கலகம் மூண்டது. சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் சீனத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வலுத்ததும் அதே 1937இல்தான்.

தூத்துக்குடி, டிரினிடாடு, கிள்ளான் மூன்றிலும் ஒரே ஒழுங்கு தெரிகிறது. மக்கள் கோரிக்கையைச் சொல்லும்வரை அது பிணக்கு. சொல்பவனைப் பிடித்து அடைத்த நாளில் அது கலகம். சொல் செல்லும் வாயில் அடைபட்டபின் கல்லும் கம்பும் செல்லும் வாயில் திறக்கிறது. குறை சொன்னவரைப் பழிவாங்காதே என்பது கிள்ளான் கோரிக்கைகளுள் ஒன்று. அதற்கு அரசு அளித்த விடை நாதன் கைது. வேறு எந்தக் கோரிக்கைக்கும் இவ்வளவு விரைவாக விடை கிடைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இங்கு ஒப்பிடலாம். கையில் ஒற்றைச் சிலம்போடு வந்த பெண்ணைப் பாண்டியன் வாயிற்காவலன் அரசனிடம் அறிவித்தான், அரசன் அவளை உள்ளே வரவிட்டான், வழக்கைக் கேட்டான், பிழையை உணர்ந்தபோது உயிர் நீத்தான். மதுரை எரிந்தது உண்மையாயினும் பாண்டியனை முற்றும் கொடுங்கோலன் என்று கூற இளங்கோவடிகளின் காப்பியம் இடம் தரவில்லை. அவன் கேட்டான் என்பதே காரணம். கிள்ளானில் தொழில் துறை இருந்தது. இந்திய அரசின் முகவர் இருந்தார். தமிழ் கற்ற ஆங்கில அதிகாரிகளும் இருந்தனர். வாயில்கள் பல. கேட்கும் செவிதான் இல்லை.

அவ்வதிகாரிகளும் துரைமாரும் கற்ற தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேயிலை, இரப்பர்த் தோட்டத் துரைமாருக்காக வெல்ஸ் என்பவர் எழுதிய ஒரு மொழிநூலின் பெயரே ‘கூலித் தமிழ்’ என்பது. அது 1915இல் வெளிவந்தது. திருக்குறளில் முயற்சியின் பயனைக் குறித்த ‘கூலி’ என்னும் சொல், இங்கே ஆளின் பெயராகி, பின் அவன் பேசும் மொழிக்கும் அடையாகிவிட்டது. வேலை வாங்குவதற்காகக் கற்கும் தமிழ் பெரும்பாலும் ஏவல் வினைகளால் ஆனது: வா, போ, வெட்டு, நில். ஏவலை மட்டும் கற்ற செவிக்கு, எதிரில் நிற்பவன் ‘தா’ என்று சொன்னபோது அது கலகமாகவே கேட்டது.

இனி எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும்

தோட்ட வாழ்வு தமிழ்ப் புனைகதைக்குப் புதிதன்று. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டிற்று. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ மலேசியத் தோட்டத்தைக் காட்டிற்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் நாவல்கள் ஆகியவை மலேசியத் தமிழர் பட்ட பாட்டை அம்மண்ணிலிருந்தே எழுதின. பிரெஞ்சு மொழியில் 1930இல் கொங்கூர்ப் பரிசு பெற்ற ஹென்றி போகோனியேயின் ‘மலேசி’ என்னும் நாவல், சிலாங்கூரில் தோட்டம் நடத்திய துரை ஒருவர் எழுதியது. அங்கே தமிழர் பரிவோடு காணப்படும் மாந்தராக வருகின்றனர். துன்பத்தைக் காட்டுவதில் இவ்விலக்கியம் வளமானது. இனி எழுதுவோர் மேலும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. துன்புறுபவன் இரக்கத்துக்கு உரியவன். கோரிக்கை வகுப்பவனோ வாதத்துக்கு உரியவன். அவனோடு வாதிடலாம், அவன் குறையைச் சுட்டலாம், பெண்ணின் ஊதியத்தை ஏன் மறந்தாய் என்று கேட்கலாம். அவ்வாறு கேட்பதே அவனை ஒத்தவனாக மதிப்பது.

போருக்குப் பின் கிள்ளானின் கோரிக்கைகள் வெவ்வேறு வழிகளில் தொடர்ந்தன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேச்சுவார்த்தை வழியை மேற்கொண்டது. இவ்விரு வழிகளின் நிறைகுறை தனியே ஆராயத்தக்கது. இரண்டும் பிரியுமுன் இருந்த பொது ஊற்று, கிள்ளானின் பன்னிரண்டு கோரிக்கைகள்.

வகுப்பில் எச்சவியலின் அப்பகுதியை நடத்தும் ஆசிரியர், ஈ, தா, கொடு என்னும் மூன்றுக்கும் எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இரவலனை ‘ஈ’ என்பதற்கும், அரசனைக் ‘கொடு’ என்பதற்கும் காட்டட்டும். ‘தா’ என்பதற்குக் கிள்ளான் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளியைக் காட்டலாம். அவன் கேட்டவற்றுள் இன்னும் தரப்படாதவை எவை என்று மாணவர் கேட்பாராயின், இலக்கண வகுப்பு பயன் தந்தது என்று ஆசிரியர் மகிழலாம்.